ஆயிரம் பிரதிகள், ஒரு வெள்ளை அட்டை

போன செமஸ்டரில் விடுதியில் ஒரு பந்தயம் தோற்றேன். பணயம்: நாலு பேருக்குக் கொத்து பரோட்டா. சண்டை என்னவென்றால், 'ஆம் ஐ ஈவில்?' என்கிற பாட்டு யாருடையது?

"மெட்டாலிகா பாட்டுடா அது. என்கிட்டயே கதை விடாத" என்றேன் நான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மெட்டாலிகா கேட்கிறவன், அந்தத் திமிர். அறை நண்பன் ஒன்றும் பேசவில்லை. அவன் சித்தப்பா கொடுத்த பழைய சிடி ஒன்றை எடுத்து, உள்தாளைப் பிரித்து, பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த இரண்டு பெயர்களின் மேல் விரலை வைத்தான். ஹாரிஸ், டாட்லர். மெட்டாலிகாவில் அந்தப் பெயரில் எவரும் கிடையாது. பர்ஸ் காலி :-(

பரோட்டா போனால் போகட்டும். ஒரு பாட்டை ஆறு வருஷம் கேட்டிருக்கிறேன், அதை உருவாக்கியவன் பெயர் தெரியாமலேயே கேட்டிருக்கிறேன் என்பதுதான் உறுத்தியது. யார் இந்த ஹாரிஸ், டாட்லர் என்று தேடிப் போனதில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு. மெட்டல் பிடிக்காதவர்களும் படிக்கலாம். கிடாரை விட இதில் மனுஷர்கள் அதிகம்.

அலை ஒன்று கிளம்பியது

1970-களின் கடைசி. இங்கிலாந்தில் பங்க் இசை வந்து பழைய ராக் குழுக்களை எல்லாம் ஓரங்கட்டியிருந்த நேரம். ஹெவி மெட்டல் செத்துப்போச்சு என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. ஆனால் லண்டனுக்கு வெளியே தொழிற்சாலை ஊர்களில் பையன்கள் அதைக் கேட்கவில்லை. செகண்ட் ஹேண்ட் கிடாரை வைத்துக்கொண்டு படுக்கையறையிலும் பள்ளிக்கூட ஹாலிலும் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெஃபீல்டிலிருந்து டெஃப் லெப்பர்ட், பார்ன்ஸ்லியிலிருந்து சாக்ஸன், கிழக்கு லண்டனிலிருந்து அயர்ன் மெய்டன். 'சவுண்ட்ஸ்' என்ற வாரப் பத்திரிகை 1979 மே மாதம் இந்தக் கூட்டத்துக்கு ஒரு நீளமான பெயர் வைத்தது: புதிய பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் அலை. பெயர் ஒட்டிக்கொண்டது.

பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்டவர்பிரிட்ஜ் என்று ஒரு ஊர். கண்ணாடிச் சாமான் தயாரிப்புக்குப் பேர் போனது. அங்கே 1976-ல் பள்ளித் தோழர்கள் சேர்ந்து ஆரம்பித்த குழுதான் டைமண்ட் ஹெட். கிடார் பிரையன் டாட்லர், பாட்டு ஷான் ஹாரிஸ், டிரம்ஸ் டங்கன் ஸ்காட், பேஸ் கிடார் காலின் கிம்பர்லி. டாட்லரின் அறைச் சுவரில் ஃபில் மான்சனேரா என்ற கிடார் கலைஞரின் 'டைமண்ட் ஹெட்' ஆல்பத்தின் போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் டிரம்ஸ் வாங்கக் காசில்லாமல் ஸ்காட் பிஸ்கட் டின்களைத் தட்டிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை உண்டு. நம்ம ஹாஸ்டலில் பக்கெட் தட்டுகிறவர்கள் மனதைத் தளர விட வேண்டாம் :-)

இவர்களிடம் என்ன விசேஷம்? 'ரிஃப்' என்பார்களே, பாட்டின் முதுகெலும்பு மாதிரி திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு, அது இவர்களிடம் கொட்டிக் கிடந்தது. மற்ற குழுக்கள் ஒரு நல்ல ரிஃப் கிடைத்தால் அதை வைத்து ஒரு பாட்டை ஓட்டிவிடுவார்கள். டாட்லர் ஒரே பாட்டில் நாலைந்து ரிஃப்பைச் செலவழிப்பார். ஒன்று முடிந்து அடுத்தது வரும்போது வேகம் மாறும், மனநிலையும் மாறும். அதன் மேல் ஹாரிஸின் குரல். கத்தல் இல்லை, ப்ளூஸ் வாசம் உள்ள பாட்டுக்காரக் குரல்.

அட்டைப்பெட்டி முதலாளி

திறமை இருந்தது, பத்திரிகைகளின் ஆதரவு இருந்தது. 1980 ஜனவரியில் ஏசி/டிசி போன்ற பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்கிற வாய்ப்புகூடக் கிடைத்தது. வராமல் போனது ஒன்றே ஒன்றுதான்: ரெக்கார்ட் கம்பெனி ஒப்பந்தம். அயர்ன் மெய்டனை 1979 டிசம்பரில் ஈஎம்ஐ எடுத்துக்கொண்டது. டெஃப் லெப்பர்ட் அதற்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டது. டைமண்ட் ஹெட் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

இதற்கு அவர்களுடைய நிர்வாகமும் ஒரு காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குழுவை நிர்வகித்தது பாடகர் ஹாரிஸின் அம்மாவும் அவருடைய துணைவரும். அந்தத் துணைவருக்குச் சொந்தமாக ஓர் அட்டைப்பெட்டி ஆலை. பாசத்துக்குக் குறைவில்லை, இசைத்தொழில் அனுபவம்தான் இல்லை. மெய்டனுக்கு ராட் ஸ்மால்வுட் என்று ஒரு முழுநேர மேனேஜர் இருந்து கம்பெனிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில் இங்கே நடந்தது வீட்டு நிர்வாகம்.

கம்பெனி வராவிட்டால் என்ன, நாமே போடுவோம் என்று முடிவு செய்தார்கள். 1980-ல் வூஸ்டரில் உள்ள ஒரு சின்ன ஸ்டூடியோவில் ஏழே நாளில் ஏழு பாட்டைப் பதிவு செய்தார்கள். 'ஹேப்பி ஃபேஸ்' என்ற தங்கள் சொந்த லேபிளில் 1000 பிரதிகள் அடித்தார்கள். அட்டையில் படம் இல்லை, ஆல்பம் பெயர் இல்லை, பாட்டுப் பட்டியலும் இல்லை. வெறும் வெள்ளை அட்டை, அதன் மேல் குழுவில் ஒருவர் பேனாவால் போட்ட கையெழுத்து. அவ்வளவுதான். 'லைட்னிங் டு த நேஷன்ஸ்' என்று பிற்பாடு எல்லோரும் அழைத்த ஆல்பம் இதுதான். ரசிகர்கள் இன்றும் 'வெள்ளை ஆல்பம்' என்றே சொல்கிறார்கள்.

கச்சேரி நடக்கும் இடங்களிலும் தபாலிலும் விற்றார்கள். தபால் விற்பனைக்கு 'சவுண்ட்ஸ்' பத்திரிகையில் ஆறு வாரம் விளம்பரம் வந்தது. அந்த விளம்பரத்துக்குக் காசு கட்டவில்லை, அது வழக்கு வரைக்கும் போனது என்பது தனிக்கதை. அசல் டேப் ஒரு ஜெர்மன் கம்பெனிக்குப் போனது. 1981-ல் அங்கே ஆல்பம் வெளிவந்தது. டேப் மட்டும் வீடு திரும்பவில்லை.

இந்த ஏழு பாட்டில் ஒன்றுதான் 'ஆம் ஐ ஈவில்?' நீளம் ஏழரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. (ஏழரை என்ற எண் இவர்கள் ஜாதகத்திலேயே இருந்திருக்கிறது போல.) ஆரம்பத்தில் வருகிற படையெடுப்பு மாதிரியான முகப்பு, ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் 'கோள்கள்' தொகுப்பில் செவ்வாய்க் கிரகத்துக்கான பகுதியிலிருந்து எடுத்தது. பிறகு கிடார் தனியாக ஓர் ஓட்டம் ஓடி, சட்டென்று நின்று, அந்தக் கனமான ரிஃப் யானை நடை போட்டு வரும். கதை, தாயைக் கொன்றவர்களைப் பழிவாங்கக் கிளம்பும் மகன். நம்ம ஊர் சினிமாவில் எத்தனை தடவை பார்த்தது! பாதிக்கு மேல் வேகம் இரட்டிப்பாகும்போது ஹெட்போன் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

டென்மார்க்கிலிருந்து வந்த பையன்

இப்போது கதைக்குள் இன்னொருவர் வருகிறார். லார்ஸ் உல்ரிக். டென்மார்க்கில் பிறந்தவர், அப்பா டார்பன் உல்ரிக் டென்னிஸ் ஆட்டக்காரர். மகனையும் டென்னிஸ் வீரனாக்கும் எண்ணத்தில் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. பையனுக்கோ டிரம்ஸ் பைத்தியம். அமெரிக்காவில் அவன் வயசுக்காரர்கள் கேள்விப்படாத பிரிட்டிஷ் குழுக்களின் தட்டுகளைத் தபாலில் வரவழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். டைமண்ட் ஹெட் கேட்டதும் தலைகால் புரியவில்லை.

1981 ஜூலையில், 17 வயதில், தனியாக விமானம் ஏறி லண்டனுக்கு வந்துவிட்டார். வுல்விச் ஓடியன் அரங்கில் டைமண்ட் ஹெட் வாசித்ததைப் பார்த்தார், முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய் அறிமுகம் செய்துகொண்டார். கலிஃபோர்னியாவிலிருந்து நம்மைப் பார்க்கவா வந்தான் என்று இவர்களுக்கே ஆச்சரியம். ராத்திரி எங்கே தங்குவாய் என்று கேட்டால் பதில் இல்லை. சரி வா என்று ஸ்டவர்பிரிட்ஜுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். டாட்லரின் அப்பா அம்மா வீட்டில், டாட்லரின் அறைத் தரையில் படுக்கை. பிறகு ஹாரிஸ் வீட்டில் சில வாரங்கள். அவர்கள் பாட்டு எழுதுவதையும் ஒத்திகை பார்ப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டோடு சேர்ந்து லார்ஸ் ஆரம்பித்ததுதான் மெட்டாலிகா.

ஆரம்பத்தில் அவர்களிடம் சொந்தப் பாட்டு அதிகம் இல்லை. மேடையில் வாசித்ததில் பெரும்பகுதி இரவல் பாட்டுகள், அதில் டைமண்ட் ஹெட் மட்டுமே மூன்று நான்கு. அது தப்பில்லை, எல்லாக் குழுவும் அப்படித்தான் தொடங்கும். ஆனால் இது இன்னார் பாட்டு என்று மேடையில் சொல்லவில்லை. கேட்டவர்கள் இவர்கள் பாட்டு என்றே நினைத்தார்கள், இவர்களும் மறுக்கவில்லை. லார்ஸே இதைப் பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நம்ம ஊர் மெல்லிசைக் கச்சேரியை நினைத்துப் பாருங்கள். எவ்வளவு சின்ன ஊர்த் திருவிழாவாக இருந்தாலும், அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டு ஆரம்பிக்கும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தின் மதிப்பு எனக்கு இந்தக் கதையில்தான் புரிந்தது.

1983: இரண்டு பாதைகள்

எம்சிஏ கம்பெனி ஒருவழியாக டைமண்ட் ஹெட்டை எடுத்துக்கொண்டது. 1982-ல் வந்த 'பாரோட் டைம்' பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் 24-ஆவது இடம் வரை போனது. இனி ஏறுமுகம்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த ஆல்பத்துக்கு அவர்கள் வேறு வழியில் போனார்கள். 'கேன்டர்பரி'. கனமான ரிஃப்களைக் குறைத்துக்கொண்டு நுணுக்கமான, பல வண்ண இசை. தைரியமான முடிவு, ஆனால் ரசிகர்கள் கேட்டது அதை அல்ல. பதிவின் நடுவிலேயே கிம்பர்லியும் ஸ்காட்டும் வெளியேறினார்கள். 1983 ஆகஸ்டில் டானிங்டன் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' திருவிழாவில் முதல் ஆளாக மேடையேறினார்கள். பிறகு ஆல்பம் கடைக்கு வந்தது. முதலில் அச்சான 20,000 பிரதிகளில் அச்சுப்பிழை, ஊசி தாவித் தாவி ஓடியது! காசு கொடுத்து வாங்கியவன் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். கம்பெனி கைவிட்டது. 1985-ல் குழுவே கலைந்தது.

அதே 1983 ஜூலையில் அமெரிக்காவில் மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' வெளிவந்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு வெள்ளை ஆல்பத்தைக் கேளுங்கள். வாத்தியார் யார், மாணவன் யார் என்று விளங்கிவிடும். நடுவில் திசை மாறும் நீண்ட பாட்டுகள், ரிஃப்புக்கு மேல் ரிஃப், எல்லாம் அங்கிருந்து வந்தவை. மாணவன் அதை இரண்டு மடங்கு வேகத்தில் செய்தான், அதுதான் வித்தியாசம். வாத்தியார் அந்த வழியை விட்டு நகர்ந்த அதே கோடையில் மாணவன் அதில் கிளம்பிவிட்டான்.

அப்படியென்றால் மெட்டாலிகா திருடிவிட்டதா? பந்தயம் தோற்ற கோபத்தில் முதலில் நானும் அப்படித்தான் எழுத நினைத்தேன். ஆனால் மீதிக் கதையைப் படித்ததும் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பெயர் அச்சானது

1984-ல் மெட்டாலிகா 'க்ரீப்பிங் டெத்' சிங்கிளின் பின்பக்கத்தில் 'ஆம் ஐ ஈவில்?' பாட்டைப் போட்டது. இந்த முறை எழுதியவர்கள் பெயரோடு. 1987-ல் வந்த சிறு தட்டில் 'ஹெல்ப்லெஸ்', 1988-ல் ஒரு சிங்கிளில் 'த பிரின்ஸ்', 1998-ல் 'கராஜ் இன்க்' தொகுப்பில் 'இட்ஸ் எலெக்ட்ரிக்'. ஏழு பாட்டு ஆல்பத்தில் நாலு பாட்டு! 1000 பிரதி அடித்த ஒரு வெள்ளை அட்டையிலிருந்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவர்களுக்கு உரிமைத்தொகை உண்டு. இந்தப் பணம்தான் தன்னை இசையிலேயே இருக்க வைத்தது என்ற பொருளில் டாட்லர் பல பேட்டிகளில் பேசியிருக்கிறார்.

டைமண்ட் ஹெட் மட்டுமல்ல, அந்தக் கடன் பட்டியலே ஒரு புதையல் வரைபடம். 'பிளிட்ஸ்க்ரீக்' பாட்டின் சொந்தக்காரர்கள் லெஸ்டரைச் சேர்ந்த அதே பெயருள்ள குழு. 1981-ல் ஒரு சிங்கிளின் பின்பக்கப் பாட்டு அது, அந்த ஆண்டே குழு கலைந்தும் போனது. (பின்னால் திரும்பி வந்தார்கள்.) 'த ஸ்மால் அவர்ஸ்' எடின்பரோவின் ஹோலோகாஸ்ட் குழுவுடையது. 'கில்லிங் டைம்' பெல்ஃபாஸ்டின் ஸ்வீட் சாவேஜுடையது. அதில் கிடார் வாசித்த விவியன் கேம்பல் பிறகு டெஃப் லெப்பர்டில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்.

இதற்கெல்லாம் தாத்தா ஒருவர் உண்டு: வேல்ஸின் கார்டிஃப் நகரத்து பட்ஜி. 1967-ல் ஆரம்பித்த மூன்று பேர் குழு. 'பட்ஜி' என்றால் கூண்டில் வளர்க்கிற சின்னக் கிளி. இடி மாதிரி வாசித்துவிட்டு பெயர் மட்டும் கிளி! முதல் ஆல்பத்தை 1971-ல் தயாரித்தவர் ராட்ஜர் பெய்ன், பிளாக் சப்பாத்தின் தயாரிப்பாளர். மெட்டாலிகா வாசித்த 'பிரெட்ஃபேன்' இவர்களுடைய 1973 ஆல்பத்தில் இருக்கிறது. வருஷத்தைக் கவனியுங்கள், 1973. அந்த வேகம் அப்போது எவரிடமும் லேசில் கிடைக்காது. பேஸ் வாசித்துக்கொண்டே உச்சக் குரலில் பாடிய பர்க் ஷெல்லி 2022 ஜனவரியில் காலமானார். பட்ஜி கேட்கிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்கள் போதும்.

பிறகு?

1993 ஜூன். மில்டன் கீன்ஸ் பௌல் மைதானம். மெட்டாலிகா, மெகாடெத் வாசிக்கும் பெரிய கச்சேரியில் மறுபடி ஒன்றுகூடிய டைமண்ட் ஹெட்டும் இருந்தது. இதைவிட நல்ல வாய்ப்பு வரப்போவதில்லை. ஹாரிஸ் மேடைக்கு எப்படி வந்தார் தெரியுமா? கறுப்பு அங்கி போட்டு, எமதூதன் வேஷத்தில்! அந்தப் பழைய மெட்டல் அலை செத்துவிட்டது என்று காட்டத்தானாம். கொஞ்ச நாளில் குழு மறுபடி கலைந்தது. இவர்களை விதி மட்டும் கவிழ்க்கவில்லை, சில தடவை இவர்களே படகை ஆட்டிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

2010 ஜூனில் பல்கேரியாவின் சோஃபியாவில் மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ், ஸ்லேயர் நாலு குழுவும் ஒரே நாளில் வாசித்தன. கடைசியில் நாலு குழுக்காரர்களும் (ஸ்லேயரிலிருந்து டிரம்மர் லம்பார்டோ மட்டும்) ஒன்றாக மேடையேறி வாசித்த பாட்டு எது? 'ஆம் ஐ ஈவில்?'தான். அத்தனை பேருக்கும் பொதுவாகத் தெரிந்த பள்ளிப்பாடம் அது. அடுத்த வருஷம் டிசம்பரில், மெட்டாலிகாவின் 30-ஆம் ஆண்டு விழாவில், சான் பிரான்சிஸ்கோ ஃபில்மோர் அரங்கில் ஹாரிஸையும் டாட்லரையுமே மேடைக்கு அழைத்து அவர்கள் பாட்டுகளை அவர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். 30 வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்ட பெயர், அன்று மைக்கில் சொல்லப்பட்டது.

டாட்லர் இன்னும் ஓயவில்லை. புதிய பாடகரோடு (ராஸ்மஸ் ஆண்டர்சன், அவரும் டென்மார்க்காரர்!) 2016-லும் 2019-லும் நல்ல ஆல்பங்கள் கொடுத்தார். 2020-ல், வெள்ளை அட்டைக்கு 40 வயசானபோது, அந்த ஏழு பாட்டையும் புதிதாகப் பதிவு செய்தார்கள். கூடவே சில இரவல் பாட்டுகள். அதில் ஒன்று 'நோ ரிமோர்ஸ்'. மெட்டாலிகாவின் முதல் ஆல்பத்துப் பாட்டு! ஸ்டவர்பிரிட்ஜ் வீட்டுத் தரையில் படுத்திருந்த பையன் எழுதிய பாட்டை, அந்த வீட்டுக்காரர் வாசிக்கிறார். கடன் அடைந்தது என்று இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

என் கணக்கு இதுதான். பணமும் புகழும் யாருக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. மேனேஜர், கம்பெனி, அச்சுப்பிழை, எமதூதன் அங்கி என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் பெயரைச் சொல்வது நம் கையில்தான் இருக்கிறது. மெட்டாலிகா பெயரை அச்சிட்டதால் ஒரு கிடார்காரர் பிழைத்தார், நானும் பரோட்டா செலவில் ஒரு நல்ல குழுவைக் கண்டுபிடித்தேன். இப்போது பாட்டு எல்லாம் ஃபோனில் ஓடுகிறது, உள்தாள் என்ற ஒன்றே கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், பிடித்த பாட்டு எதுவானாலும் ஒரு தடவை எழுதியவர் பெயரைத் தேடிப் பாருங்கள். அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் ஓர் ஊரே இருக்கும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் 1980 பதிவில் 'ஆம் ஐ ஈவில்?', அப்புறம் 'த பிரின்ஸ்', அப்புறம் 'ஹெல்ப்லெஸ்'. பிடித்துப்போனால் பட்ஜியின் 'பிரெட்ஃபேன்'. ஒலிப்பதிவு கொஞ்சம் மெலிசாகத்தான் இருக்கும், ஏழு நாளில் எடுத்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரிடமாவது பந்தயம் கட்டி ஜெயித்தால் எனக்கும் ஒரு கொத்து பரோட்டா வந்து சேர வேண்டும். நியாயம்னு ஒன்னு இருக்குல்ல :-)